பதினைந்தும் ஐந்தும்

தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் கத்தரீனாள் செவிலியாகச் சேர்ந்து பத்தொன்பது வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. படித்த காலத்தில் அவள் ஒரே ஒரு தாளில்தான் தோற்றாள். கலவைக் கணக்கு. கழித்து எடுக்கும் எண்கள் சரியாகவே வரும். எந்த எண் எந்த மருந்துக்கு என்பதை மட்டும் மாற்றிப் போட்டுவிடுவாள்.

அந்த ஆடி மாதத்து மதியம் 2.40க்கு, பிறந்து இரண்டே நாளான பெண் குழந்தை அவள் மேசையில் துவண்டு கிடந்தது. எடை 2.3 கிலோ. ரத்தச் சர்க்கரை 28; நாற்பத்தைந்துக்குக் குறையவே கூடாது. மலைப்பாதையில் மண் சரிந்து, ஆம்புலன்ஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஊசிக்குழாயைக் குழந்தையின் கையில் எப்படியோ ஏற்றியிருந்தாள்.

"பத்து பெர்சென்ட் குளுக்கோஸ், சிஸ்டர். கிலோவுக்கு ரெண்டு மில்லி. மெதுவா" என்று டாக்டர் சொன்னதோடு போன் அறுந்தது.

அலமாரியில் பத்து சதவீதம் இல்லை. ஐந்தும் இருபத்தைந்தும்தான் இருந்தன.

"ரெண்டையும் கலந்துக்கலாம்ல, சிஸ்டர்?" என்றான் பாண்டி. குழந்தையின் தகப்பன், தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவன்.

"கலக்கலாம். செத்த பேசாம இரு."

மருந்துப் பெட்டியின் அட்டையில் எழுதினாள். இருபத்தைந்தில் பத்து போனால் பதினைந்து. பத்தில் ஐந்து போனால் ஐந்து. ஆக இருபது மில்லி. இருபத்தைந்து சதவீத மருந்தில் பதினைந்து மில்லி இழுத்தாள், மற்றதில் ஐந்து.

"என்ன சிஸ்டர், காரமானதையா கூட எடுக்கீக? எங்க டிரம்முல இப்பிடிக் கலக்குனா கொழுந்து கருகிப் போவும்."

அவள் கை அப்படியே நின்றது. சர்க்கரையை கிராமாக எண்ணிப் பார்த்தாள். மூன்றேமுக்காலும் காலும் நான்கு. இருபது மில்லியில் நான்கு கிராம்; பத்து சதவீதத்துக்கு வேண்டியது இரண்டுதான். இரட்டிப்பு. நூல் பருமன்கூட இல்லாத அந்த நரம்பு அதைத் தாங்காது.

கொட்டினாள். புது ஊசியில் ஐந்து சதவீத மருந்தில் பதினைந்து மில்லி, இருபத்தைந்தில் ஐந்து இழுத்தாள். முக்காலும் ஒன்றேகாலும் இரண்டு. அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

"நீயும் கூட்டிச் சொல்லு, பாண்டி."

"ரெண்டுதான், ரெண்டுதான். ஏத்துங்க, சிஸ்டர்!"

4.6 மில்லியை மெதுவாக ஏற்றினாள். 3.25க்குச் சர்க்கரை 57. குழந்தை காலை உதைத்து வீறிட்டது.

பதிவேட்டில் அவள் முதலில் எழுதியது, கொட்டிய கலவையைத்தான்.

"அத எதுக்கு எழுதுறீக? யாரு பாத்தா?"

"அடுத்த தடவ நீ பக்கத்துல இருக்கமாட்டியே" என்றாள்.