கடிக்கிற புஹாரியும் ஈரச் சுவரும்

உக்குவளையில் மிளகு விற்க வருகிறவர்கள் எல்லாருக்கும் புஹாரியின் பற்களைத் தெரியும். சாக்கு அவிழ்ந்ததும் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். காதருகே வைத்துக் குலுக்குவார். பிறகு ஒரு மணியைக் கடைவாயில் வைத்து நறுக்கென்று கடிப்பார். உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் வீட்டுக்குக் கொண்டுபோய் இன்னும் வெயில் காட்ட வேண்டும். "வல்லாஹி, காஞ்ச சாமான்" என்று மற்றவர்கள் தொண்டை கிழியச் சத்தியம் பண்ணும் சந்தையில் அவர் ஒருநாளும் சத்தியம் பண்ணியதில்லை. கடித்தால் தெரிகிற விஷயத்துக்கு அல்லாஹ்வை எதற்குச் சாட்சிக்கு இழுப்பது என்பது அவர் கட்சி. ஊரில் எத்தனை புஹாரிகள் இருந்தாலும் கடிக்கிற புஹாரி இவர் ஒருவர்தான்.

அப்படிப்பட்டவருக்கு இந்த மே மாதம் சொந்த வீட்டுச் சுவரில் நிற்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாததால் மனைவி வீட்டைவிட்டுப் போய்விட்டார்.

வீடு சரிவில் நிற்கிறது. வீதியிலிருந்து பார்த்தால் ஒரே தட்டு. பக்கத்துப் படியில் இறங்கினால் அடியில் இன்னோர் அறை. மலையை வெட்டி எடுத்த இடத்தில் கட்டியது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மண். முன்பக்கம் இரண்டு யன்னலும் ஒரு கதவும். கீழறை என்பார்கள். நெடுங்காலம் அதில் மிளகுச் சாக்கும் கராம்புச் சாக்கும்தான் குடியிருந்தன. மகன் றிஷாத் கத்தாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, அவனும் மனைவி ஜெஸ்லாவும் தங்க அந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

றிஷாத் அங்கே பார்த்த வேலையே கட்டடங்களுக்கு வெப்பக்காப்புப் போடுவது. வெளியே நெருப்பாகக் கொதிக்கும். உள்ளே பல் கிட்டும். இரண்டையும் பிரித்து வைக்கிற வித்தை தன் கையில் இருப்பதாக அவன் நம்பினான். கீழறைச் சுவர் முழுக்க, டிவிப் பெட்டிக்குள் வருகிற மாதிரி வெள்ளை ரெஜிபோம் பலகை ஒட்டினான். அதன்மேல் பொலித்தீன் விரித்தான். அதன்மேல் சிப்சம் பலகை அடித்து வெள்ளை பூசினான். ஒரு ஏசியும் மாட்டினான். பார்க்கிறவர்கள் ஹோட்டல் அறை என்றார்கள்.

"யன்னல மட்டும் தொறக்காதீங்க வாப்பா. பூட்டியே ஈக்கட்டும்" என்றான்.

புஹாரி தலையாட்டினார். ஆனால் காலையில் மகனும் மருமகளும் மேலே தேத்தண்ணீர் குடிக்க வந்ததும், படியிறங்கிப் போய் இரண்டு யன்னலையும் அகலத் திறந்து சீலிங் பேனையும் போட்டுவிட்டு வருவார். மிளகை மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றாட விட்டால் பிழைக்கும். வாழ்நாள் முழுக்கச் செய்த காரியத்தை ஒரு கத்தார்க்காரன் சொல்லி விடுவதா?

ஏப்ரல் முடிவதற்குள் அறையில் ஒரு வாடை வந்தது. நனைந்த சாக்கு வாடை. ஜெஸ்லா பின்சுவரைத் தடவிப் பார்த்து மாமியைக் கூப்பிட்டாள். புஹாரியின் மனைவி ஜுனைதா விரலை வைத்து லேசாக அமுக்கினார். சிப்சம் பலகை இடியப்ப மா மாதிரி உள்ளே போனது. விரலை எடுத்ததும் அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

ஜுனைதா வாசலுக்குப் போய் மேல்தெருவைப் பார்த்தார். அதுதான் புஹாரிக்குப் பயமாக இருந்தது. போன வருட முடிவில் கொட்டிய பெருமழையில் மேல்தெரு ஸரீனாவின் வீடு முன்னறையோடு பள்ளத்துக்கு இறங்கியதை இரண்டு பேரும் இதே வாசலில் நின்றுதான் பார்த்தார்கள். ஆட்கள் தப்பினார்கள். வீடு இருந்த இடத்தில் இன்றைக்கும் செம்மண்தான் தெரிகிறது. அதற்கு முந்திய வாரம் ஸரீனாவின் சமையலறைச் சுவரிலும் இப்படித்தான் தண்ணீர் வந்ததாம்.

பலகையைக் கழற்றினார்கள். பொலித்தீனுக்குப் பின்னால் முத்து முத்தாகத் தண்ணீர். ரெஜிபோமுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். செய்தி வீதிக்குப் போக ஒரு பாண் வாங்குகிற நேரம்தான் எடுத்தது. கொத்து வேலைக்கார ஜிப்ரி வந்து சுவரில் காதை வைத்து, "ஊத்து நானா, ஊத்து. சத்தம் கேக்குது" என்றான். கேட்டது மேலே ஓடிய பேனின் சத்தம். இன்னொருவர் குளியலறைக் குழாய் என்றார். குளியலறை அந்தப் பக்கமே இல்லை. ஒருவர் செய்வினை என்று ஆரம்பித்தபோது புஹாரி கதவைக் காட்டினார்.

பக்கத்து வீட்டு ரபாயேல் மட்டும் எதையும் அறுதியிடவில்லை. எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, உக்குவளையில் மகளோடு வந்து இருக்கிறவர்.

"தோட்டத்துல எங்க லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னாடி எப்பவும் ஈரந்தாங்க நானா. தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் யாரும் பயப்படல. ஒருநா சேறு கலந்து வந்துச்சு. அன்னைக்கே புள்ளைங்கள தூக்கிக்கிட்டு கோயிலுக்கு ஓடிட்டோம்."

"இது தெளிஞ்ச தண்ணியா, சேத்துத் தண்ணியா?"

"பூஞ்சணத்துல ஊறி வருதே, என்னத்த சொல்ல?"

அன்று பின்னேரம் ஜுனைதா மாத்தளை டவுனில் இருக்கும் தம்பி பஸ்லி வீட்டுக்குப் புறப்பட்டார். ஒரு பையில் உடுப்பு. இன்னொரு பையில் தேங்காய் துருவி. தேங்காய் துருவியைக் கொண்டுபோகிறவள் இரண்டு நாளில் திரும்புகிறவள் இல்லை.

"மல தண்ணி இல்லன்னு தெரிஞ்சா வாறேன்" என்றார் ஜுனைதா.

"மல தண்ணி இல்ல."

"வல்லாஹின்னு செல்லுங்க."

புஹாரி மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா" என்று சொல்லிவிட்டு ஜுனைதா முச்சக்கர வண்டியில் ஏறினார்.

அதிகாரிகளுக்கு அறிவித்தாயிற்று. சரிவு பார்க்கிறவர்கள் வருவார்கள், ஆனால் போன மழையில் வெடிப்பு விழுந்த வீடுகள் இன்னும் வரிசையில் நிற்கின்றன என்றார்கள். அதுவரை புஹாரி தானே பார்த்தார். பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியது. வாரக்கணக்கில் மழையில்லாமல் வெயில் எரித்த நாளில் சுவர் சொட்டியது. பின்னேரம் இடியோடு மழை அடித்துக் குளிர்ந்த மறுநாள் சுவர் கிட்டத்தட்டக் காய்ந்திருந்தது. மலை ஊற்று என்றால் மழைக்குத்தானே பெருக வேண்டும்? மலை தலைகீழாக வேலை செய்யுமா? வீட்டைச் சுற்றி நடந்தார். நிலத்தில் வெடிப்பு இல்லை. தூண் சாயவில்லை. கொய்யா மரம் நேராக நின்றது. ஆனால் ஸரீனா வீட்டுப் பலா மரமும் கடைசி நாள் வரை நேராகத்தான் நின்றது என்று ஞாபகம் வந்தது. உடனே கொய்யா மரமும் சாய்ந்த மாதிரித் தெரிந்தது.

"யன்னல் தொறந்தது யாரு வாப்பா?" என்று றிஷாத் கேட்டான்.

"நான்தான். காத்து போகாம அழுகிப் போச்சு உன்ட கத்தார் வேல."

"காத்துதான் வாப்பா தண்ணிய கொண்டு வருது!"

"காத்து எங்கடா தண்ணி கொண்டு வரும்? காத்து தண்ணிய கொண்டு போறது. மிளகு காய்றது பின்ன எப்படி?"

மகனுக்கும் குழப்பம்தான். கத்தாரில் சுவருக்குப் பின்னால் காய்ந்த மணல், இங்கே ஈரமண். பொலித்தீனை எந்தப் பக்கம் போட்டிருக்க வேண்டும் என்று அவன் பழைய போர்மனுக்கு வாட்சப்பில் கேட்டிருந்தான். போர்மன் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பியிருந்தார்.

இதற்கிடையில் ஒரு மத்தியானம், வெயில் தாங்காமல் புஹாரி கீழறையில் ஏசியைப் போட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார். மேலே யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து கதவைத் திறந்து வெளியே வந்தார். உலகம் வெள்ளையாகிவிட்டது. படியும் தெரியவில்லை, கூப்பிட்ட ஆளும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு வில்லையிலும் தண்ணீர் பூத்திருந்தது. உடுத்திருந்த சாரத்தில் துடைத்து மாட்டினார். திரும்பவும் பூத்தது.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் மலை ஏது?

கடை போட்ட புதிதில் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. மழை கறுத்து வருகிறதே என்று, வெயிலில் சுடச்சுடக் கிடந்த மிளகை அள்ளிப் பொலித்தீன் உறை போட்ட சாக்கில் இறுகக் கட்டி வைத்தார். மறுநாள் அவிழ்த்தபோது உறைக்குள் தண்ணீர் ஓடியது. கடித்துப் பார்த்துக் காய்ந்தது என்று அவரே சொன்ன மிளகு. அன்றிலிருந்து ஆற விட்டுத்தான் கட்டுவார். சூடும் குளிரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தால் நடுவில் வேர்க்கும். சாக்குக்குத் தெரிந்த இந்த விஷயத்தை அவர் சுவரிடம் கேட்கவே இல்லை.

ஆனால் இது மலைத் தண்ணீர் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகுமா? சுவரைக் கடித்துப் பார்க்க முடியாது. அவர் கடையிலிருந்து புதுப் பொலித்தீன் உறைகளை எடுத்து வந்தார். றிஷாத் பின்சுவரின் பலகைகள் எல்லாவற்றையும் கழற்றி, பூஞ்சணத்தைச் சுரண்டி, சுவரைத் துடைத்துக் காய வைத்தான். நான்கு துண்டுகளை நான்கு இடத்தில் வைத்து விளிம்பெல்லாம் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினார்கள். அறைப்பக்க முகத்தில் தண்ணீர் பூத்தால் அது காற்றின் வேலை. உள்முகத்தில், சுவரோடு ஒட்டிய பக்கத்தில் பூத்தால் அது மண்ணின் வேலை. யன்னலை வழக்கம்போல் காலையில் திறப்பது, இரவில் ஏசி போடுவது என்று வாப்பாவும் மகனும் முதல்முறையாக ஒத்துப் போனார்கள். ஜெஸ்லா மட்டும், "மாமிக்கு இத யாரும் செல்லலயே மாமா?" என்று கேட்டாள்.

"முடிவு தெரியட்டும்."

தெரிந்தது. மூன்று துண்டுகளில் அறைப்பக்கம் ஈரம். அவற்றைப் பிடுங்கினால் பின்னால் சுவர் காய்ந்து கிடந்தது. றிஷாத் துள்ளினான். நான்காவது துண்டு, வலது மூலையில் தரையோடு ஒட்டியது. அதன் உள்முகத்தில் தண்ணீர் திரண்டு அடியில் ஒரு கோடாகத் தேங்கி நின்றது. வெளிமுகமும் ஈரம்.

"அது சின்ன மூல வாப்பா. எங்க சரி மண்ணுல ஈரம் ஈக்கும்தானே? உம்மாக்கு செல்லிருங்க, முடிஞ்சி போச்சின்னு."

புஹாரி தொலைபேசியை எடுத்தார். வல்லாஹி என்று ஒரு சொல் சொன்னால் தேங்காய் துருவி வீட்டுக்கு வந்துவிடும். நாலில் மூன்று பங்கு உண்மைதானே. ஆனால் மூன்று பங்கு காய்ந்த மிளகை அவர் வாங்கியதே இல்லை.

"ஜுனைதா, கேளு. சுவர் வேர்த்ததுல முக்காவாசி எங்கட வேலதான். நான் யன்னல் தொறந்தேன், அவன் ஏசி போட்டான். வலது மூல மட்டும் தெரியல்ல."

"தெரியல்லன்னா?"

"மல தண்ணியா ஈக்கலாம், சும்மா மண் ஈரமா ஈக்கலாம். தெரியாததுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நீ அங்கேயே இரு."

அந்தப் பக்கம் ஜுனைதா, "தெரியாதுன்னு செல்ல இந்த மனிசனுக்கு எங்கட மகன் கத்தார் போய் வர வேண்டி ஈந்திச்சி" என்று தம்பியிடம் சொல்வது கேட்டது. "பஸ்லி, வண்டிய எடுங்க."

வந்தார். ஆனால் நிபந்தனையோடு வந்தார். சரிவு பார்க்கிறவர்கள் வந்து சொல்லும்வரை கீழறையில் யாரும் படுக்கக் கூடாது. எல்லாரும் முன்னறையில். உடுப்புப் பைகள் கதவடியில். மழை விடாமல் பிடித்தால் ஒரு பேச்சும் இல்லை, தம்பி வீடு. புஹாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். யன்னல்களைத் தன் கையாலேயே பூட்டினார். ஏசியை றிஷாத் நிறுத்தினான். மூன்று பங்குச் சுவர் அதற்குப் பிறகு வேர்க்கவில்லை.

மூலையில் மட்டும் துளித்துக்கொண்டே இருந்தது. அதன் அடியில் ஜுனைதா ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையை வைத்தார். ரபாயேல் சொன்னது அவர் மனதிலும் நின்றிருக்கிறது. வெள்ளைக் கோப்பையில் சேறு தப்பாது.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு இரண்டு பேரும் படியிறங்கினார்கள். கோப்பையில் அடி மறைகிற அளவு தண்ணீர். ஜுனைதா அதை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். தெளிவாகத்தான் இருந்தது. அடியில் ஏதோ ஒரு பொட்டு. மண்ணா, சுண்ணாம்பா?

"உங்களுக்கு என்ன தோணுது?"

"தெரியல்ல."

ஜுனைதா கோப்பையை அவர் வாயருகே நீட்டினார்.

"கடிச்சிப் பாருங்க."

புஹாரி சிரிக்கவில்லை. விரல் நுனியால் அந்தப் பொட்டை ஒற்றி எடுத்து, முன்பல்லில் வைத்து நறநறக்கிறதா என்று பார்த்தார். நறநறக்கவில்லை. நாக்கில் சுருக்கென்று சுண்ணாம்பு உறைத்தது. தண்ணீரை வெளியே ஊற்றினார். கோப்பையைச் சாரத்தின் நுனியால் துடைத்து, அதே மூலையில், அதே இடத்தில் வைத்தார்.

"இண்டைக்கு இங்க ஈப்போம்" என்றார்.