யன்னலைத் திறந்துவிட்ட குளிர்காலம்

எங்கட படுக்கையறைச் சுவரில பூஞ்சணம் பிடிச்சதைக் கண்டுபிடிச்சது நானில்லை, வீட்டு நிர்வாகி. ஹீற்றரைப் பார்க்க வந்த மனுசன், அலுமாரிக்குப் பின்னால ரோச் வெளிச்சம் அடிச்சுப் பார்த்திட்டு, கறுப்புக் கறுப்பாப் படர்ந்திருந்ததைப் படம் எடுத்தார். "உங்கட ஆக்களின்ர சமையல் அப்பிடி" எண்டார். "குளிர்காலம் முடியேக்கயும் இது இருந்தால் நீங்கள் வேற வீடு பாக்கவேண்டி வரும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்த வீட்டிலதான் மகள் நடை பழகினவள். இப்ப இந்த வெள்ளைக்கார ஊரில வீடு தேடிப் போனால், எங்கட பேரைக் கேட்ட உடன "குடுத்தாச்சு" எண்டு போனை வைப்பினம். வீட்டை விடுறேல்லை எண்டு அண்டைக்கே முடிவெடுத்தன்.

கோவம் ஆறின பிறகு யோசிச்சால், நிர்வாகி முழுப் பொய்யும் சொல்லேல்லை. முந்தியிருந்த வீட்டில ஒருக்கா கருவாடு பொரிக்க, கீழ் வீட்டுக்காரி படியேறி வந்து கத்தினவ. அதுக்குப் பிறகு அடுப்பு மூட்ட முதல் யன்னலைப் பூட்டுறது எங்களுக்கு வழக்கமாப் போச்சு. மணம் வெளியில போனால் மானம் போயிடும். புட்டு அவிக்கிற ஆவி, சோத்துப் பானை ஆவி, உடுப்புக் காயிற ஈரம், எல்லாம் எங்களோடயே குடியிருந்து, குளிர்ச் சுவரில ஊறிச்சுது. விடிய எழும்பினால் யன்னல் கண்ணாடியால தண்ணி வழியும். அதைத் துவாயால துடைச்சு, அந்தத் துவாயை ஹீற்றருக்கு மேல காயப்போடுவன். துடைச்ச தண்ணியைத் திருப்பி வீட்டுக்குள்ளேயே விட்ட கெட்டிக்காரி நான்.

பகிடி என்னெண்டால், நான் வேலை செய்யிறது முதியோர் இல்லத்தில. விடிய அங்க என்ர முதல் வேலையே அறை அறையாப் போய் யன்னலை அகலத் திறந்து, காத்து மாறினவுடன பூட்டுறதுதான். எத்தினை வருசமாச் செய்யிறன். அதையே வீட்டிலயும் செய்யவேணும் எண்டு ஒருநாளும் மண்டையில ஏறேல்லை.

பூஞ்சணத்தை மருந்தடிச்சுத் துடைச்சு, சுவரைக் காயவிட்டு, அலுமாரியை உள்பக்கச் சுவருக்குத் தள்ளினம். உடுப்பை நிலக்கீழ் அறையில காயப்போட்டன். எல்லா அறையிலயும் ஹீற்றரை மெல்லிய சூட்டில விட்டன். விடியவும் பின்னேரமும், சமைச்சு முடியவும், எல்லா யன்னலையும் ஒண்டாத் திறந்து கொஞ்ச நேரத்தில பூட்டினன். என்ர மனுசன் சால்வையால தலையை மூடிக்கொண்டு, "காசு குடுத்துச் சூடாக்கி ஊருக்கெல்லாம் விடுறாய்" எண்டு புறுபுறுத்தார். "ஈரக் காத்துத்தான் போகுது, சுவரில சூடு நிக்கும். நீங்கள் போர்த்துக்கொண்டு இருங்கோ" எண்டன். மணம் போனால் போகட்டும், எனக்கு வீடுதான் பெரிசு. கீழ இருந்து ஒருத்தரும் ஏறி வரவும் இல்லை.

ஒருநாள் விடிய துவாயோட போனால் துடைக்க ஒண்டுமில்லை. வெளியில பனி கொட்டுறது கண்ணாடிக்குள்ளால துலக்கமாத் தெரிஞ்சுது. என்ர மனுசனைக் கூப்பிட்டுக் காட்டினன். விரலால தடவிப் பார்த்தார், விரல் நனையேல்லை. அடுத்தநாள் நான் எழும்ப முதலே யன்னலெல்லாம் திறந்திருந்தது. மனுசன் சால்வையைப் போர்த்துக்கொண்டு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டார், பாவம்.

மரங்கள் பூக்கத் தொடங்கின நேரம் நிர்வாகி திரும்ப வந்தார். இந்த நாட்டில பல்லு டொக்டரிட்டப் போறதுக்கும் டெர்மின் எண்டு முன்கூட்டியே நாளும் நேரமும் குறிச்சுத்தான் போகவேணும். இவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில நிண்டார். ஈரம் அளக்கிற கருவியைச் சுவரில வைச்சுப் பார்த்தார். இன்னொரு இடத்தில வைச்சார். பிறகு குனிஞ்சு மூலைக்குள்ள.

"மேல பெயின்ற் அடிச்சு மறைச்சியளோ?"

"சுரண்டிப் பாருங்கோ" எண்டன்.

காற்சட்டைப் பையில கிடந்த திறப்பை எடுத்துச் சுரண்டினார். வெள்ளைத் தூள் காஞ்சு கொட்டுண்டுது. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு, சிரிப்பை அடக்க ஏலாமல் நிண்டன்.

"காஞ்சிருக்கு" எண்டார் கடைசியா. "நீங்கள் இருக்கலாம்."

"ஓம், இருப்பம்" எண்டன். "நீங்களும் தாராளமா வாங்கோ. அடுத்தமுறை டெர்மின் எடுத்துக்கொண்டு வாங்கோ."