அத்தான் இறக்கிவிட்ட தண்ணீர்

என் அக்காவின் வேலை, அத்தான் போடும் குப்பையைப் பொறுக்குவது. நான் சொல்வது ஆய்வுக்கூடத்தில். வீட்டிலும் அதே கதைதான்.

அத்தான் துகள் முடுக்கி ஓட்டுபவர். அணுக்கருக்களை அசுர வேகத்தில் விரட்டி மோதவிடுவது அவர் தொழில். மோதாமல் மிஞ்சியவை கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் பாய்ந்து அடங்கும். அப்போது அந்தத் தண்ணீரில் கதிரியக்க ஐசோடோப்புகள் பிறக்கும். அத்தானுக்கு அது வெறும் கழிவு. வேதியியல்காரியான அக்காவுக்கோ அவற்றில் ஒன்று புற்றுநோய்க்கு மருந்தாகக்கூடியது. தண்ணீரைப் பிசின் மணிகள் அடைத்த குழாய் வழியே ஓடவிட்டு அதைப் பிடித்துவிடுவாள்.

"உன் குப்பை எப்படி இருக்கு?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்பார் அத்தான். அக்கா தட்டை நங்கென்று வைப்பாள்.

சோதித்துப் பார்க்க முதல் புட்டி வேண்டுமென்று ஒரு மருத்துவமனை கேட்டது. அது போய்ச் சேராவிட்டால் அக்காவின் ஆய்வறையை அத்தானின் முடுக்கிக் காந்தங்களை வைக்கக் கொடுத்துவிடுவார்கள். குப்பையில் கிடந்தாலும் குண்டுமணி மங்காது என்பார்கள். அக்காவின் குண்டுமணியோ கதிரியக்கம் தேய்ந்து நாளுக்கு நாள் மங்கும். அதனால் இயந்திரம் நின்ற மறுநாள் காலையிலேயே தொட்டியருகே குழாயோடு போய் நின்றாள். புட்டியைக் கட்டி அனுப்பும் வேலை என்னுடையது என்பதால் நானும் போனேன்.

கதிர்வீச்சுமானியின் முள் அசையவே இல்லை.

"நேத்தே பழைய தண்ணிய எறக்கிட்டுப் புதுசு விட்டுட்டேன். நீ சுத்தமா வேலை பாக்கலாம்ல," என்றார் அத்தான் பெருமையாக.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லது செய்கிறேன் என்று கிளம்புபவர்களைக் கண்டாலே எனக்குப் பயம்.

"எங்க எறக்குனீங்க?" என்றாள் அக்கா.

"வேற எங்க? கழிவு தேக்குற கீழ்த்தொட்டிலதான். கதிர்வீச்சு அடங்காம ஒரு சொட்டு வெளிய போகக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

சொல்லி முடிக்கும்போது அவருக்கே உறைத்தது. குப்பை அத்தனையும் கீழேதான் இருந்தது. அக்கா குழாயை அவர் தோளில் சாத்தி, "தூக்கிட்டு வாங்க," என்றாள்.

கீழ்த்தொட்டியில் ஏற்கெனவே கிடந்த தண்ணீரோடு கலந்து அது நீர்த்துப் போயிருந்தது. அத்தனையையும் குழாய் வழியே செலுத்த மாலைவரை பம்பு ஓடியது. அத்தான் அதைவிட்டு நகரவில்லை; கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டும் போகவில்லை. புட்டி ஈயப் பெட்டியில் கிளம்பியது.

'நன்றாக இருக்கிறது, இன்னும் அனுப்புங்கள்' என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வந்த அன்று, அத்தான் சாப்பிட உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்து நம்ம மருந்த எப்ப எடுக்கணும்?"

அக்கா தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள்.