தணிகாசலம் இடுப்பில் சுமந்த வெண்குண்டு

தணிகாசலம் மறைந்த செய்தியை அவருடைய மகன் நல்லூரிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, நான் ஆலையின் சோதனையறையில், மாதிரிகளை ஆவியில் வைத்துச் சோதிக்கும் கலத்தின் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். "மாரடைப்புன்னு டாக்டர் சொல்றாருங்க. பஸ்ஸுக்கு நின்னவரு அப்படியே வுழுந்துட்டாரு" என்றான். விழுந்தார் என்ற சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது.

ஆலையில் அவருடன் பழகிய உங்களுக்கு, அவர் இடுப்பைத் தட்டிக் காட்டும் காட்சி நினைவிருக்கும். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சென்னையில் அவருக்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். புதிய மூட்டின் குண்டு ஜிர்கோனியா என்ற வெண்பீங்கான். விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் ஆலை பம்புகளுக்கு உறை செய்ததும் ஜிர்கோனியாவில்தான். விற்பனையாளரான அவர், வாங்க வருவோர் முன் இடுப்பைத் தட்டுவார்: "இதவிட என்னங்க கேரண்டி வேணும்? சரக்க நானே மாட்டிக்கிட்டு நடக்கறேன்!"

பின்னர் வெளியூர் ஆலை ஒன்றின் வெந்நீர்ப் பம்பிலிருந்து எங்கள் உறையொன்று திரும்பி வந்தது. நகம் பட்ட இடத்தில் மாவாக உதிர்ந்தது. பள்ளியிறுதிக்குப் பின் எனக்கு நூல்களே ஆசான்கள். அவற்றைத் துருவிக் காரணம் கண்டேன். சூளையின் பெருந்தீயைத் தாங்கிய ஜிர்கோனியா, குக்கர் ஆவியின் சூட்டுக்குத் தளர்கிறது. ஈரம் உட்புக, துகள்கள் வடிவம் மாறிப் பருத்து, நுண்வெடிப்புகள் உண்டாகின்றன.

"அப்போ என் இடுப்பு, டெஸ்டிங்கம்மா?" என்றார். அப்படித்தான் என்னை அழைப்பார்.

"ஒடம்புச் சூடு கம்மிங்க, மெதுவாத்தான் நடக்கும். நடக்கவே நடக்காதுன்னு என்னால சொல்ல முடியாது."

"மனுஷன்கிட்ட இதையா சொல்லுவாங்க?" என்று அருகிலிருந்த ஆலைக் கணக்கர் என்னைக் கடிந்தார்.

தணிகாசலம் அவரைக் கையமர்த்தினார். "வுடுங்க சார். உள்ளதச் சொல்லுங்கம்மா, நல்லத நான் பாத்துக்கறேன்."

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த மருத்துவர்கள், குறையில்லை, மீண்டும் அறுக்க வேண்டாம் என்றனர். ஆயினும் அவர் இடுப்பைத் தட்டியதை அதன்பின் நான் பார்த்ததில்லை. ஜங்ஷன் டீக்கடைக்கு நடந்தே போனவர் ஆட்டோ தேடினார். படியில் ஒருக்களித்து, ஒவ்வோர் அடியையும் சோதித்து இறங்கினார். இன்று கேட்டாலும் நான் அன்று சொன்னதையேதான் சொல்வேன். அவர் நடையைப் பறித்தது குண்டின் தளர்வா, என் சொல்லா என்ற கேள்விக்கு மட்டும் எந்த நூலிலும் விடையில்லை.

காடாற்றி எலும்பு பொறுக்கிய மறுநாள், சாம்பலில் கிடைத்த அந்தக் குண்டை மகன் கைக்குட்டையில் சோதனையறைக்குக் கொண்டுவந்தான். "மேடம், இது ஒடஞ்சுதான் அப்பா வுழுந்தாரா? நீங்க பாத்தா தெரியுமில்ல?"

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெடிப்பு இருந்தது. அது அவர் உடலில் நேர்ந்ததா, சிதையில் நேர்ந்ததா? ஈரத்தால் வடிவம் மாறிய துகள்கள் பெருஞ்சூட்டில் பழைய வடிவுக்கே மீளும். சொல்லியிருக்கக்கூடிய சாட்சியைத் தீ கலைத்துவிட்டது.

"தெரியாது தம்பி" என்றேன். அந்தச் சொல்லை அந்த அறையில் நான் அதிகம் சொன்னதில்லை.

மணிமுத்தாற்றில் கரைத்த எலும்பு கூழாங்கல்லாகும் என்பார்கள் நம் ஊரில். குண்டையும் எலும்புகளோடே ஆற்றில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் வாக்கின் முற்பாதி. உள்ளதைச் சொல்வேன். நல்லதைப் பார்த்துக்கொள்ளத்தான் அவர் இல்லை.