பெயர் வைக்காத அசைவு

ஓர் அசைவுக்குப் பெயர் சூட்டும்போது, அந்தச் சொல் எவர் காதில் எப்படி விழும் என்பதை யாரால் முன்கூட்டி அறிய முடியும்? சென்ற ஆண்டு ஆடி மாதத்து ஞாயிறு மாலை ஒன்றில், பென்னலூரில் உள்ள எங்கள் மாடி அறையில் நடந்த நிகழ்ச்சி இந்தக் கேள்வியை என்னிடம் விட்டுச் சென்றது.

சமூகப் பணியில் பட்டம் பெற்ற நான், ஒரகடம் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கான சிறிய அமைப்பு ஒன்றில் பணியாற்றுகிறேன். ஷிஃப்ட் முழுவதும் நின்றே வேலை செய்வதால் இடுப்பு விட்டுப்போகிறது என்பதுதான் இந்தப் பெண்களின் பொதுவான புகார். பெல்லி டான்ஸின் தொடக்க அசைவுகள் இடுப்புக்கும் முதுகுக்கும் இதமாக இருக்கும் என்று, தாம்பரத்தைச் சேர்ந்த நடன ஆசிரியை ஒருவர் கற்றுத்தர முன்வந்தார். பெயரைக் கேட்டதுமே முகம் சுளித்தவர்கள் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு பெண்கள் மட்டும் ஆடுவது என்று முடிவான பிறகு கூச்சம் மெல்ல விலகியது.

அசைவுகளைவிட அவற்றின் பெயர்களே வாயில் நுழைய மறுத்தன. இடுப்பை விடாமல் சின்னச் சின்னதாக உதறுவதை ஆசிரியை ‘ஷிம்மி’ என்றார். மாவு சலிப்பதைப் போல இருந்ததால் எங்கள் பெண்கள் அதைச் ‘சலிக்கிறது’ என்றார்கள். இடுப்பால் வட்டம் போடும் ‘ஹிப் சர்க்கிள்’, ‘மாவாட்டுறது’ ஆயிற்று. ஒரு பக்க இடுப்பை உயர்த்திச் சட்டென்று கீழே விடுவது ‘ஹிப் டிராப்’. ஆலை லைனில் எதையாவது கீழே போட்டு வீணாக்கினால் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள் அல்லவா, அந்த அசைவின்போது யாராவது ஒருத்தி “ரிஜெக்ட்!” என்று கத்தாமல் இருக்கமாட்டாள். ‘ஐசொலேஷன்’ மட்டும் முதலில் மிரட்டியது. “தொத்து வந்தா தனியா ஒதுக்கி வெப்பாங்களே, அதுவா மிஸ்?” என்று கேட்டார்கள். ஓர் உறுப்பு மட்டும் ஆட, மற்றவை அசையாமல் நிற்பது என்று ஆசிரியை விளக்க வேண்டியிருந்தது.

‘ஃபிகர் எயிட்’டுக்குப் பெயர் தேடவே இல்லை. இடுப்பால் படுக்கைவசமாக எட்டு வரைய வேண்டும். வண்டி ஓட்ட உரிமம் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் போட்டுக் காட்டுவது அந்த எட்டைத்தானே! ‘எட்டு போடுறது’ என்று அன்றே நிலைத்துவிட்டது.

பெயர் சூட்டுவதில் முன்னால் நின்றவள் குன்றத்தூரிலிருந்து வரும் பெண்ணொருத்தி. அவள் வாயைத் திறந்தால் அறையே சிரிக்கும். ஜன்னலோரம் நின்று ஆடும் அக்கா ஒருவர் அவளுக்கு நேர்மாறு. காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், அவரும் கணவரும் வெவ்வேறு ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மற்ற அசைவுகள் எல்லாம் அவருக்கு அழகாக வரும். ஆனால், “வயித்துல கை வெச்சுப் பாருங்க” என்று ஆசிரியை சொல்லும்போது அவர் கைகள் இடுப்போடு நின்றுவிடும். எட்டும் வராது. பாதி வளைவில் நின்றுவிடுவார்.

அந்த ஆடி ஞாயிறன்றும் அப்படியே நின்றார்.

“இன்னாக்கா, எட்டு வரலியா? ஆர்டிஓ ஆபீஸ்ல உன்னிய நிக்க வெச்சா கிழிஞ்சிது போ! நடுவுல நின்னு கால ஊணிட்டா ஃபெயிலுதான்” என்றாள் குன்றத்தூர்ப் பெண்.

எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். சிரித்தபடியேதான் சொன்னார்.

“ஆமாடி, நான் எட்டுல ஃபெயிலானவதான். எட்டாவது மாசம் வயித்துலயே போயிடிச்சு. பொண்ணு.”

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

“அக்கா, நான் வண்டி எட்டத்தான்கா சொன்னேன்...”

“தெரியும்டி. நீ இன்னா பண்ணுவ? நான்தான் யாருக்கும் சொல்லலியே.”

சுவரோரம் போய் அமர்ந்தார். அருகில் நானும் அமர்ந்தேன். படித்த படிப்பில் இப்படியான நேரத்துக்கென்று சில சொற்கள் இருந்தன. அவற்றை நான் எடுப்பதற்குள் அவரே பேசினார்.

“ஒடம்பு தேறிடிச்சுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இந்த வயித்துக்குத்தாம்மா இன்னும் தெரில, உள்ள யாரும் இல்லன்னு. கேன்டீன் க்யூல யாராவது இடிச்சுக்கினு வந்தா என் கை தானா முன்னாடி போயி மறைக்குது. அப்பறம்தான் ஞாபகம் வருது. இங்க வந்து ஆடினா இந்தக் கை அடங்குமான்னு பாத்தேன்.”

குன்றத்தூர்ப் பெண் அவர் காலடியில் வந்து குந்தினாள். “பாப்பாக்கு இன்னா பேருக்கா?”

“வெக்கலடி. வெக்கறதுக்குள்ள எடுத்துக்கினு போயிட்டாங்க.”

குழந்தை பெற்று வேலைக்குத் திரும்பும் பெண்ணை லைனில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு விசாரிப்பார்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், இவர் பழைய ஆலையை விட்டு, தன்னை அறியாதவர்கள் நடுவே புதிதாகச் சேர்ந்திருக்கிறார். யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார். யாருமே கேட்கவில்லை என்பது பிறகு அதைவிடப் பெரிய பாரமாகியிருக்கிறது.

இனி வரமாட்டார் என்றே நினைத்தோம். அடுத்த ஞாயிறு வந்தார். ஆசிரியை எட்டு என்று சொல்லாமல் அந்த அசைவைச் செய்து காட்டினார். அக்கா ஜன்னலோரம் நின்று, முதல் முறையாக வயிற்றின் மேல் கையை வைத்தார். இடுப்பு வலப்பக்கம் வளைந்து, நடுவில் சற்றே தயங்கி, இடப்பக்கம் கடந்து, தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. யாரும் கை தட்டவில்லை. குன்றத்தூர்ப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சில வாரங்களில் கணவரின் ஒப்பந்தம் முடிந்தது. வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். ஒருமுறை தொலைபேசியில் விசாரித்தேன்.

“கை இன்னும் போவுதும்மா. போனா போவட்டும்னு வுட்டுட்டேன்” என்றார்.

ஷிம்மி எங்களுக்கு இன்றும் சலிப்பதுதான், வட்டம் மாவாட்டுவதுதான். புதிதாகச் சேர்கிறவர்கள், அக்கா பாதியில் நின்ற அந்த ஓர் அசைவைக் காட்டி, “இதுக்கு இன்னா பேரு?” என்று கேட்பார்கள்.

“பேரு வெக்கல. பாத்து செய்” என்பாள் குன்றத்தூர்ப் பெண்.

அதை மட்டும் நாங்கள் இப்போது பெயர் சொல்லாமல் செய்து காட்டுகிறோம்.