கருகிய பொட்டு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த வருடங்களில் வெப்பக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். சூட்டைப் படமாகக் காட்டும் கருவி அது. ஆறிய இடம் நீலம், சுடும் இடம் மஞ்சள், மிஞ்சிச் சுட்டால் வெள்ளை. மின்பலகை, மோட்டார், கூரை, உலை என்று எதன் மேல் பிடித்தாலும் உள்ளே ஒளிந்திருக்கும் கோளாறு வெளியே தெரியும். அதைப் பிடிக்கிறவனுக்குத் தான் ஏதோ பெரிய டாக்டர் என்று நினைப்பு வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் கூடவே வந்திருந்தது.

ஆயுத பூஜை முடிந்த வாரம், ஓர் இரும்பு ஆலையில் வேலை. திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாக பஸ். அங்குள்ள அம்மன் கோயிலுக்குப் போகிற ஒருவர் என் மடியிலிருந்த கேமரா பெட்டியின் மேல் கூடையை வைத்தார் என்று அவரோடு ஒரு சண்டை. ஆலைக்குள் நுழைந்ததும் உற்பத்தி அதிகாரியோடு இன்னொன்று. அரை மணியில் முடித்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பு என்றார். "எனக்கு டயம் சொல்ல நீ யாருய்யா?" என்றேன். அவர் என் சட்டையைப் பிடித்தார். நான் அவர் கையை முறுக்கித் தள்ளினேன். இரண்டு பேர் நடுவில் புகுந்து விலக்கிவிட்டார்கள். உலை போட்ட சத்தத்தில் நாங்கள் திட்டிக்கொண்டது எங்களுக்கே பாதிதான் கேட்டது.

அன்று நான் பார்க்க வேண்டியது லேடிலை. உருகிய இரும்பை உலையிலிருந்து வாங்கி அச்சுகளில் ஊற்றுகிற பெரிய வாளி அது. வெளியே இரும்பு ஓடு, உள்ளே நெருப்புக்கல். கல் அரித்துப்போனால் ஓடு சூடேறும். ஓடும் தாங்காமல் போனால் அடியில் நிற்கிறவன் கதி அதோகதிதான்.

பூஜைக்காக ஆலையில் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். லேடிலும் கல்யாணச் சீர்ப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. நான்கு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஒரு தடவை ஊற்றிவிட்டு வந்த சூடு ஆறுமுன் கேமராவைத் தூக்கிப் பார்த்தேன். ஓடு முழுக்க நீலமும் பச்சையுமாக அடங்கிக் கிடந்தது. நான் நின்ற பக்கத்துப் பொட்டு மட்டும் வெள்ளையாக எரிந்தது.

"இன்னா சார், பொட்டு மட்டும் இப்டி எரியுது?"

என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டவர் லேடிலின் அடிவாயைத் திறந்து மூடுகிற தொழிலாளி. பெரியபாளையம் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். பூஜையன்று அந்தப் பொட்டுகளை வைத்தவரும் அவர்தான்.

"அது சந்தனம்யா. சந்தனத்து மேல தப்பாத்தான் காட்டும்."

"மத்த மூணும் காய்ஞ்சி அப்டியே கீது சார். இது மட்டும் கருகிக்கினு வருது. அந்தாண்ட வந்து பாரு சார். ஆத்தா இன்னாவோ சொல்றா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

"ஆத்தா சொல்றதக் கேக்கறதுன்னா பூசாரியக் கூப்புடறதுதானே? என்னை இன்னாத்துக்குக் கூப்ட்டீங்க?" என்று கத்தினேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "நீங்க படிச்சவரு. நீங்க சொன்னா சரிதான் சார்" என்று ஒதுங்கிக்கொண்டார். லேடில் நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்களுக்குப் பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தருவது இதுதான்: பளபளக்கிற பரப்பு தன் சூட்டைக் கேமராவுக்குக் காட்டாது, மங்கலான பரப்புதான் உண்மையைச் சொல்லும். பளபளப்பான இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, அதன் மேல்தான் அளக்க வேண்டும். அந்தச் சந்தனம் எனக்காக முன்கூட்டியே ஒட்டிவைத்த டேப். பொய் சொன்னது பெயிண்ட். பத்தடி நடந்து மற்ற மூன்று பொட்டுகளையும் பார்த்திருந்தால் இந்தப் பக்கம் மட்டும் கல் போய்விட்டது என்று விளங்கியிருக்கும். அவர் கூப்பிட்டார் என்பதற்காகவே நான் நடக்கவில்லை.

நான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது கிரேன் நிறைந்த லேடிலைத் தூக்கி வந்தது. கருகிய பொட்டு இருந்த இடம் சிவந்தது. யாரோ விசில் ஊதினார்கள். அதற்குள் ஓடு கிழிந்து இரும்பு கொட்டியது. கீழே தரை நனைந்திருந்தது. தண்ணீரின் மேல் உருகிய இரும்பு விழுந்ததும் வெடித்தது. கூரைத் தகடு பிய்ந்து பறந்தது. நெருப்புத் துளிகள் சுவரில் மோதித் தெறித்தன. அந்தப் புகைக்குள்ளிருந்து பொட்டு வைத்தவர் ஓடி வந்தார், முழங்காலுக்குக் கீழே எரிந்துகொண்டு. நாலு அடியில் விழுந்தார். ஷூவைக் கழற்ற இழுத்தார்கள். தோலும் சேர்ந்து வந்தது. அவர் போட்ட அலறல் உலைச் சத்தத்தை மீறிக் கேட்டது.

அவர் கூட்டாளி ஒருவர் கம்பியை எடுத்து, அவசரப்படுத்திய உற்பத்தி அதிகாரியின் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அடுத்தது நான் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். என்னை யாரும் தொடவில்லை. "கேமராவே ஓகேன்னு சொல்லிச்சி, அந்த சார் இன்னா பண்ணுவாரு?" என்றார்கள். அது பொய் என்று சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று வாரம் கழித்து, சென்னையில் அவர் கிடந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது காலை முழங்காலோடு எடுத்திருந்தார்கள். அவர் மனைவி கட்டில் ஓரம் நின்று கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டிலில் கிடந்தவர் கை கூப்பினார்.

"பூஜையன்னிக்கி நாஷ்டாவுக்குத் தலக்கறி தின்னுட்டேன் சார். அந்தக் கையோட பொட்டு வெச்சேன். அதான் ஆத்தா கால எடுத்துக்கினா. கம்பெனில எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ஊர்ல எம் பொண்ண கோயிலாண்ட வராதன்றாங்க."

பேசாமல் திரும்பியிருக்கலாம். முடியவில்லை. "ஆத்தாவும் இல்ல, கறியும் இல்ல. பொட்டு காட்டினதுதான் நெசமான சூடு. கேமரா சரியாத்தான் காட்டுச்சு, நான்தான் தப்புன்னு சொன்னேன்" என்றேன்.

"அது தப்பில்லன்னு உனுக்குத் தெரியாதா?"

"தெரியும். படிச்சிருக்கேன். கோவத்துல பாக்கல."

பக்கத்திலிருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து என் முகத்தில் வீசினார். மூக்கு உடைந்தது. கட்டிலிலிருந்து பாய்ந்து என் கழுத்தைப் பிடிக்கப் பார்த்தவர் காலில்லாததை மறந்து கீழே சரிந்தார். அடிபட்ட வலியைவிட, அவர் தரையில் கிடந்து என்னை எட்டி எட்டிப் பிடிக்கப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நானும் அவர் மனைவியுமாகத் தூக்கிப் படுக்க வைத்தோம்.

மூச்சு வாங்க அவர் சொன்னார்: "இப்ப சொன்னத எய்தித் தா."

எழுதிக் கொடுத்தால் என் வேலை போகும். போலீஸ், கோர்ட்டு என்று இழுபடலாம். "பேனா இல்ல, நாளைக்கு வரேன்" என்றேன்.

அவர் மனைவி என் சட்டைப்பையில் கையை விட்டு இழுத்தார். பை கிழிந்து பேனா அவர் கையோடு வந்தது. மருந்துச் சீட்டைத் திருப்பி என் முன்னால் வைத்து, மூடியைக் கழற்றிப் பேனாவை என் விரல்களுக்குள் திணித்தார். எழுதத் தொடங்கினேன். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"யோவ், எய்த்து மேல ரத்தம் படுது" என்றார் கட்டிலில் கிடந்தவர். "தொடச்சிட்டு எய்து. இத எம் பொண்ணு படிக்கணும்."