சீதனமாக வந்த லீஸ்

மாமா அன்று சோபாவில் சாய்ந்து உட்காரவே இல்லை. லண்டன் டூட்டிங்கில் எங்கள் வாடகை வீட்டில், நுனியில் குந்தியபடி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கும் அவர் மகளுக்கும் கல்யாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. அவரும் மாமியும் குடியிருந்த குரோய்டன் பிளாட்டைத் தங்கள் ஒரே மகளுக்குச் சீதனமாக எழுதுவதென்று பேச்சு. அதில்தான் ஒரு தவணை கேட்டு வந்திருந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ, அக்கா. முதல் லீசைக் கூட்டிப்போட்டுப் பிள்ளையின்ர பேருக்கு மாத்திறன். இப்ப மாத்தினால் சிக்கலாப் போயிடும்" என்றார் என் அம்மாவிடம்.

அம்மா மரியாதையாகத்தான் மறுத்தார். "வீட்டு உறுதி எழுதி முடியாமல் தாலிக்குப் பொன்னுருக்கு வைக்கேலாது, அண்ணை. எங்கட பக்கத்தில அப்பிடி வழக்கம் இல்லை." அம்மாவை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. அவருடைய தம்பிக்குப் பெண் வீட்டார் சீதனமாகத் தருவதாகச் சொன்ன காணி, தாலி ஏறிய பிறகு இன்றைக்கு நாளைக்கு என்று இழுபட்டு, கடைசியில் கைக்கு வரவே இல்லை. தவணை கேட்கிற எந்தப் பெண் வீட்டாரையும் அதற்குப் பிறகு அவர் நம்பியதில்லை. லீஸ் என்று மாமா சொன்னது அவர் காதில் ஒரு சாக்காகத்தான் விழுந்தது.

ஆனால் எனக்கு அது சாக்கு இல்லை என்று தெரியும். நான் அப்போது வேலை பார்த்தது வீடு விற்றுக் கொடுக்கும் ஓர் ஏஜென்சியில். இந்த நாட்டில் பிளாட் வாங்கினால் நிலம் நமக்கு வராது. நிலத்துக்காரர் இத்தனை வருடம் இருந்துகொள் என்று தருகிற உரிமைதான் லீஸ். அது வருடத்துக்கு வருடம் தேயும். எண்பது வருடத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், நீட்டிக்க நிலத்துக்காரருக்குக் கொடுக்கவேண்டியது எக்கச்சக்கமாக ஏறிவிடும். அந்தக் காலச் சட்டப்படி, வீடு பெயருக்கு வந்து இரண்டு வருடம் ஆனவர்தான் நீட்டிக்கும்படி உரிமையோடு கேட்கலாம். மாமாவுக்கு அந்த உரிமை இருந்தது. மகள் பெயருக்கு மாற்றினால் அவள் இரண்டு வருடம் காத்திருக்கவேண்டும், அதற்குள் லீஸ் எண்பதைத் தாண்டி இறங்கிவிடும். இதையெல்லாம் தினமும் வாடிக்கையாளர்களுக்கு விளங்கப்படுத்திச் சம்பளம் வாங்கியவன் நான். அன்று மாமா என் பக்கம் திரும்பி, "தம்பிக்குத் தெரியும்தானே" என்றார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "அம்மா சொல்லுறதுதான்" என்றேன். பெற்ற தாயை எதிர்த்துப் பேசாத நல்ல பிள்ளை என்று அன்று பெயரும் எடுத்தேன்.

பொன்னுருக்குக்கு முதல் வீடு மகள் பெயருக்கு மாறியது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அங்கே குடிபோனோம். அம்மாவும் எங்களோடு வந்துவிட்டதால் இருந்த இரண்டு அறையும் எங்களுக்கே சரியாகிவிட்டது. மாமாவும் மாமியும் பக்கத்திலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் போனார்கள். "எழுதிக் குடுத்த வீட்டில நாங்கள் இருக்கிறது வடிவில்லை" என்று மாமா சிரித்துக்கொண்டு சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து லீஸ் நீட்டும் பேச்சு எழுந்தபோது, நான் பயந்தபடியே ஆகியிருந்தது. கூடுதல் காசை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நானும் மனைவியும் சொன்னோம். மாமா கேட்கவே இல்லை. "குறைச் சீதனம் குடுத்தவன் எண்டு எனக்கொரு பேர் வேண்டாம், தம்பி." முழங்கால் வலியால் வேலையை விட்டு வீட்டில் இருந்த மனிதர், ஒரு கடை வாசலில் காவலுக்கு நிற்கும் வேலைக்குப் போனார். நாள் முழுக்க நிற்கிற வேலை.

ஒருநாள் ட்ராமில் போகும்போது அவரைக் கண்டேன். அளவுக்குப் பெரிய கறுப்பு ஜாக்கெட், ஒரு காலில் பாரத்தைப் போட்டு மற்றதை ஆற விட்டபடி நின்றார். ட்ராம் நின்றது, கதவும் திறந்தது. நான் இறங்கவில்லை. அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்க வெட்கமாக இருந்தது, வேறு காரணம் ஒன்றுமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "உங்களை ட்ராமில கண்டனான். இறங்காமல் போனது நல்லது, தம்பி. வேலைக்குப் பிந்தியிருப்பியள்." அதற்குப் பதிலாக அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

லீஸ் நீண்டது. எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் போதுமான வருடங்கள் இப்போது இந்த வீட்டுக்கு இருக்கின்றன. மாமாதான் அதிக காலம் இருக்கவில்லை. முழங்காலுக்குச் செய்யவிருந்த சத்திரசிகிச்சையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர், ஒரு குளிர்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். மாமி வால்தம்ஸ்டோவில் தங்கை வீட்டு மாடி அறையில் இருக்கிறார். எங்களோடு வந்து இருக்கச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுவிட்டோம், "எங்க பிள்ளை இடம்?" என்கிறார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. அந்த இரண்டாவது அறையில் என் அம்மா இருக்கிறார். அந்த இரண்டு வருடக் காத்திருப்பைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று, நான் அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

போன கிழமை அம்மாவைப் பார்க்க ஊர்க்காரர் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அம்மா அவர்களை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "மகன் கஷ்டப்பட்டு எடுத்த வீடு" என்று சொன்னது குசினி வரை கேட்டது. என் மனைவி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தவள், ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தட்டை வாங்கிக்கொண்டு போய், வந்தவர்களிடம் சீனி காணுமோ, இன்னும் போடவோ என்று கேட்டேன்.